ஹாட் ஹேட்ச் கார்களைக் கணக்குப் புத்தகம் கொன்ற கதை

போன வாரம் கேண்டீனில் ஒரு சண்டை. உலகத்தைப் புரட்டிப் போடும் விஷயம் எல்லாம் இல்லை, கார் பற்றித்தான். "நிஜமான கார் பைத்தியத்துக்கு ஹாட் ஹேட்ச் எல்லாம் பிடிக்காதுடா. பின் சக்கரம் இழுக்கணும், ரெண்டு சீட் இருக்கணும். காய்கறி வாங்கப் போற காருக்குப் பெரிய இன்ஜினை மாட்டி, சிவப்புக் கோடு போட்டா அது ஸ்போர்ட்ஸ் காரா?" என்றான் நண்பன். நான் மறுத்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அறைக்கு வந்து யோசித்தபோதுதான், இரண்டு பேருமே தவறான கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம் என்று தோன்றியது. இந்த வகைக் கார்கள் ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்குப் பிடிக்குமா என்பதற்கு ஐம்பது வருஷ வரலாறு பதில் சொல்லிவிட்டது. பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும். அப்படிப் பிடித்த ஒரு பொருள் ஏன் இரண்டு முறை சாகக் கிடந்தது என்பதுதான் சுவாரசியமான கேள்வி. பி.காம் படிக்கிறவனுக்கு இதில் பேச நிறைய இருக்கிறது. எனவே இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கார்கள் எதையும் ஓட்டியதில்லை. படித்ததும் பார்த்ததும்தான். ஓட்டியவர்கள் மன்னிக்கவும் :-)

முதலில், அது என்ன ஹாட் ஹேட்ச்?

தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் டிக்கி இல்லாமல், பின் கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும் கதவு உள்ள சின்னக் கார் ஹேட்ச்பேக். குடும்பம் போக, சாமான் ஏற்ற, நெரிசலில் நிறுத்த வசதி. அதே காரில் கொஞ்சம் வலுவான இன்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், நல்ல பிரேக், நல்ல சீட் போட்டு விற்றால் அது ஹாட் ஹேட்ச். வெளியே பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரின் கார் மாதிரியே இருக்கும். வளைவில் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இதற்குப் பாட்டன் என்று பிரிட்டனின் மினியைச் சொல்லலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்த கார். சுமார் 10 அடி நீளம்தான். இன்ஜினைக் குறுக்காகப் படுக்க வைத்து, முன் சக்கரங்களையே இழுக்க வைத்ததால், அந்தப் பத்து அடிக்குள் நாலு பேர் உட்கார இடம் கிடைத்தது. சிக்கனத்துக்காகச் செய்த வேலை இது. ஆனால் நாலு சக்கரமும் நாலு மூலையில், எடையும் குறைவு என்பதால் வளைவுகளில் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு போனது. 1959, 1960 இரண்டு வருஷமும் ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற கார்களைச் செய்த ஜான் கூப்பர் இதைக் கவனித்தார். 1961இல் மினி கூப்பர் வந்தது. 997 சிசி, 55 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் சிரிப்பு வரும். ஆனால் இந்தக் குட்டி வண்டிதான் 1964, 1965, 1967 மூன்று வருஷமும் மான்டி கார்லோ ராலியை வென்றது. 1966இலும் முதல் மூன்று இடம் மினிக்குத்தான். ஹெட்லைட் விதிமீறல் என்று சொல்லித் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள்.

மினிக்குப் பின் கதவு கிடையாது, சின்ன டிக்கி மூடிதான். அதனால் அதை ஹாட் ஹேட்ச் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் "மலிவான குடும்பக் காரும் மலைப்பாதையில் பெரிய கார்களைத் தோற்கடிக்கலாம்" என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

நஷ்டத்தில் பிறந்த குழந்தை

அடுத்த காட்சி ஜெர்மனி, வொல்ஃப்ஸ்பர்க். 1973.

ஃபோக்ஸ்வாகன் அப்போது நல்ல நிலையில் இல்லை. வருஷக்கணக்காகப் பீட்டில் என்ற ஒரே காரை நம்பி வாழ்ந்த நிறுவனம். அந்தக் கார் கிழடாகிவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வேறு. 1974இல் ஃபோக்ஸ்வாகன் பெரும் நஷ்டம் காட்டியது. பீட்டிலுக்குப் பதிலாக அந்த வருஷம் இறக்கிய கோல்ஃப் காரை நம்பித்தான் மொத்தக் கம்பெனியும் நின்றது.

இந்த நிலைமையில் "வேகமான கார் செய்யலாமா?" என்று யாராவது மேலதிகாரியிடம் போய்க் கேட்பார்களா? அல்ஃபான்ஸ் லோவன்பெர்க் என்ற சோதனைப் பொறியாளர் கேட்டார். 1973 மார்ச்சிலேயே, நாம் ஒரு ஸ்போர்ட்டான கார் செய்யவேண்டும் என்று சக பொறியாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். பெரிய உற்சாகம் ஒன்றும் வரவில்லை. ஒரு சின்னக் கூட்டம் மட்டும் சேர்ந்தது. அதில் பத்திரிகைத் தொடர்பாளர் அன்டன் கான்ராடும் ஒருவர். பாதி ரகசியமாகத்தான் வேலை நடந்தது. 1975இல்தான் நிர்வாகம் தலையாட்டியது. அந்த செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள். 1976 ஜூனில் விற்பனை. பெயர் கோல்ஃப் ஜிடிஐ.

1,588 சிசி. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். 110 குதிரைத்திறன். எடை சுமார் 810 கிலோ. உச்ச வேகம் மணிக்கு 180 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். விலை 13,850 மார்க். அந்தக் காலத்தில் ஆட்டோபானின் இடது ஓரப் பாதை பெரிய பென்ஸ்களுக்கும் பிஎம்டபிள்யூக்களுக்கும் எழுதிவைத்த மாதிரி இருந்தது. அதில் ஒரு சின்னப் பெட்டி பின்னால் வந்து வழி கேட்டால் எப்படி இருந்திருக்கும்!

அலங்காரத்துக்கும் பெரிய செலவில்லை. முன்பக்க கிரில்லைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. சீட்டுக்குக் கட்டம் போட்ட ஸ்காட்லாந்து பாணித் துணி. கியர் லிவரின் தலையில் ஒரு கோல்ஃப் பந்து. துணியும் பந்தும் குன்ஹில்ட் லில்லிக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை. கார் உலகம் முழுக்க ஆண்கள் நிறைந்திருந்த காலத்தில் அவர் தேர்ந்தெடுத்த அந்தக் கட்டத் துணி இன்றும் ஜிடிஐயின் அடையாளம்.

திட்டமிட்டது 5,000 வண்டி. பந்தயத்துக்குத் தகுதி பெற அவ்வளவு தேவை, அதை விற்றால் போதும் என்றுதான் நினைத்தார்கள். முதல் தலைமுறை மட்டும் 4,60,000க்கு மேல் விற்றது. தொண்ணூறு மடங்கு! எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் "தேவை முன்கணிப்பு" என்று ஒரு அத்தியாயம் உண்டு. அதற்கு இதைவிட நல்ல தோல்வி உதாரணம் கிடைக்காது.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். ஜிடிஐதான் உலகின் முதல் ஹாட் ஹேட்ச் என்று சொல்வது சரியில்லை. ரெனோ 5 ஆல்பைன் அதே 1976இல் சற்று முன்னால் வந்தது. இத்தாலியின் ஆட்டோபியாங்கி ஏ112 அபார்த் 1971லேயே வந்துவிட்டது. ஆனால் இந்த வகையைப் பெரிய சந்தையாக மாற்றியது ஜிடிஐதான்.

ஏன் பிடித்தது?

நண்பனின் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம்.

முதல் காரணம் பணம். ஸ்போர்ட்ஸ் கார் என்பது இரண்டாவது கார். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கவேண்டும், அதற்கு மேல் காசும் இருக்கவேண்டும். ஹாட் ஹேட்ச்சோ வீட்டின் ஒரே கார். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ், சனிக்கிழமை மளிகை, ஞாயிறு விடிகாலை மலைப்பாதை. ஒரே தவணைதான்.

இரண்டாவது காரணம் எடை. 810 கிலோ வண்டியில் 110 குதிரைத்திறன் இருந்தால் அதை முழுசாகப் பயன்படுத்தலாம். ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்து, கியரை இழுத்து இழுத்து ஓட்டலாம். 500 குதிரைத்திறன் உள்ள காரைப் பொதுச் சாலையில் அப்படி இரண்டு நொடி மிதித்தால் லைசென்ஸ் போகும், இல்லை உயிர் போகும். இருக்கிற சக்தியை எல்லாம் செலவு செய்ய முடிவதுதான் ஓட்டுகிற சுகம் என்று இதை ஓட்டியவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது காரணத்துக்கு பெஜோ 205 ஜிடிஐ உதாரணம். 1984இல் 1.6 லிட்டர், 105 குதிரைத்திறனோடு வந்தது. பிறகு 1.9 லிட்டரில் 130 குதிரைத்திறன். பெஜோவும் அப்போது கஷ்டத்தில் இருந்த கம்பெனிதான். 1978இல் கிரைஸ்லரின் ஐரோப்பியப் பிரிவை வாங்கி, ஜீரணிக்க முடியாமல் தவித்தது. 205 தான் அதைக் கரையேற்றியது. இந்தக் காருக்கு ஒரு குணம் உண்டு. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் சாயும், பின் சக்கரங்களின் பிடி தளரும், வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். தெரியாதவன் வேலிக்குள் போவான். தெரிந்தவன் இதையே வைத்து வண்டியைத் திருப்புவான். "முன் சக்கரம் இழுக்கிற காரில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்கு 205 கொடுத்த பதில் இது. ஓட்டுநரிடமிருந்து திறமையைக் கேட்கிற கார். அது கார் பைத்தியத்துக்குப் பிடிக்காமல் வேறு யாருக்குப் பிடிக்கும்?

1980கள் முழுக்கப் போட்டிதான். ஃபோர்டு எஸ்கார்ட் எக்ஸ்ஆர்3, ரெனோ 5 ஜிடி டர்போ, ஃபியட் ஊனோ டர்போ, வாக்ஸால் ஆஸ்ட்ரா ஜிடிஇ என்று எல்லாக் கம்பெனியும் ஒன்று வைத்திருந்தது. ராலி பந்தயத்தில் லான்சியா டெல்டா 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு முறை தயாரிப்பாளர் பட்டம் வாங்கியது. அதுவும் ஐந்து கதவுக் குடும்பக் கார்தான்.

முதல் மரணம்: இன்சூரன்ஸ்

பிறகு 1990கள். இனிமேல் வருவது என் பாடம் சம்பந்தப்பட்டது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வேகமான கார், சின்னக் கார், தெருவில் நிறுத்துகிற கார். அன்றைய பூட்டுகள் பலவீனம், இம்மொபிலைசர் கிடையாது. யாருக்கு வசதி? திருடனுக்கு. பிரிட்டனில் பையன்கள் இந்தக் கார்களைத் திருடி, விற்பதற்காகக்கூட இல்லை, ராத்திரி முழுக்க ஓட்டிக் காட்டிவிட்டு மோதியோ எரித்தோ விட்டுப் போனார்கள். இதற்கு "ஜாய்ரைடிங்" என்று பெயரே வந்துவிட்டது. 1991இல் ஆக்ஸ்ஃபர்டின் பிளாக்பேர்ட் லேஸ் பகுதியில் போலீஸ் இதைத் தடுக்கப் போய்க் கலவரம் ஆனது. அதே செப்டம்பரில் வடக்கே மெடோ வெல் பகுதியில், போலீஸ் துரத்திய திருட்டுக் காரில் இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். அங்கேயும் கலவரம். 1992இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் என்ன செய்யும்? அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த மாடலுக்கு எவ்வளவு கிளெய்ம் வருகிறது, அதை வைத்து எவ்வளவு பிரீமியம் போடுவது. பிரிட்டனில் கார்களைக் குழு குழுவாகப் பிரித்துப் பிரீமியம் போடுவார்கள். ஹாட் ஹேட்ச் எல்லாம் மேல் வரிசைக் குழுக்களுக்குப் போயின. இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன் கேட்டால் சொல்கிற பிரீமியத்தைக் கேட்டு மயக்கம் வரும். பழைய கார் என்றால் காரின் விலையையே தொடுகிற தொகை.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். எங்கள் இன்சூரன்ஸ் பேப்பரில் "எதிர்மறைத் தேர்வு" என்று படித்தேன். எல்லோருக்கும் சராசரி பிரீமியம் போட்டால், பத்திரமாக ஓட்டுகிறவன் "எனக்கு இது கட்டுப்படியாகாது" என்று விலகிவிடுவான். மிச்சம் இருப்பவர்கள் சராசரியைவிட ஆபத்தானவர்கள். அதனால் பிரீமியம் மறுபடி ஏறும். இன்னும் கொஞ்சம் பேர் விலகுவார்கள். இந்தச் சுழல் ஹாட் ஹேட்ச்சுக்கு அப்படியே பொருந்துகிறது. இதில் பணம் கட்டியது யார்? வண்டியைத் திருடியவன் கட்டவில்லை. காசு சேர்த்து, ராத்திரி ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்து வண்டியைக் காப்பாற்றியவன்தான் கட்டினான்.

இன்சூரன்ஸ்காரர்களை வில்லன் ஆக்கவும் எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் கணக்கு சரிதான். வண்டிகள் நிஜமாகவே திருட்டுப் போயின, இளைஞர்கள் நிஜமாகவே செத்தார்கள். அந்தக் கார்களுக்கு ஏர்பேக் கிடையாது, கதவுகள் தகரம். எடை குறைவு என்று மேலே நான் புகழ்ந்ததன் இன்னொரு பக்கம் இது.

கூடவே மற்ற அடிகளும் விழுந்தன. 1990-92இல் பிரிட்டனில் பொருளாதார மந்தம். 1993இலிருந்து ஐரோப்பாவில் புதுப் பெட்ரோல் கார்களுக்குப் புகை வடிகட்டும் கேட்டலிஸ்ட் கட்டாயம். பாதுகாப்புக்காக எடை ஏறியது. 1991இல் வந்த மூன்றாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ 115 குதிரைத்திறன்தான், ஆனால் முதல் ஜிடிஐயைவிட 200 கிலோவுக்கு மேல் கனம். 205 ஜிடிஐ 1994இல் நின்றது. எக்ஸ்ஆர் என்ற எழுத்தே திருடனையும் பிரீமியத்தையும் கூப்பிடுகிறது என்ற நிலைமை. 1990களின் நடுவில் ஃபோர்டு அந்தப் பெயரையே கைவிட்டது.

ஆசை செத்துப்போய் வாங்காமல் விடவில்லை யாரும். பொருளாதாரத்தில் ஆசை வேறு, தேவை வேறு. காசு கொடுக்கிற சக்தியோடு சேர்ந்த ஆசைக்குத்தான் தேவை என்று பெயர். இரண்டையும் இணைக்கிற கயிற்றை ஒரு பிரீமிய அட்டவணை அறுத்துவிட்டது.

உயிர்த்தெழுதல்

காப்பாற்றியது ஒரு சின்ன மின்னணுப் பெட்டி. சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளப்ப முடியாதபடி தடுக்கும் இம்மொபிலைசர். 1998 அக்டோபரிலிருந்து ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கு இது கட்டாயம் ஆனது. கம்பியை இணைத்து வண்டியைக் கிளப்புகிற வித்தைக்கு வேலை போனது.

அதற்குப் பிறகு வந்த வரிசையைப் பாருங்கள். 2001இல் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் செய்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், 200 குதிரைத்திறன். 2002இல் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ். ரெனோ க்ளியோ, மெகான். 2004இல் ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ வந்து பழைய மானத்தை மீட்டது. செத்த சந்தை என்றால் இப்படித் திரும்பி எழுந்திருக்காது. ரசிகர்கள் அங்கேயேதான் காத்திருந்தார்கள்.

இரண்டாவது மரணம்: கிராம் கணக்கு

இந்த முறை அட்டவணை கரியமில வாயுவுடையது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-21இலிருந்து, ஒரு கம்பெனி விற்கும் புதுக் கார்களின் சராசரி வெளியீடு கிலோமீட்டருக்கு 95 கிராம் என்ற இலக்கைக் கொண்டுவந்தது. கம்பெனி விற்கும் கார்களின் சராசரி எடையைப் பொறுத்து இலக்கு மாறும். தாண்டினால் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். இது சராசரிக் கணக்கு. அதனால் விற்கிற ஒவ்வொரு ஹாட் ஹேட்ச்சும் மொத்தச் சராசரியை மேலே தூக்கும். ஆயிரம் பேரைச் சந்தோஷப்படுத்துகிற ஒரு மாடல், லட்சக்கணக்கான மற்ற கார்களின் கணக்கில் கை வைக்கிறது. எந்த ஃபைனான்ஸ் மேனேஜர் அதைக் காப்பாற்றுவார்?

ஃபோர்டு ஃபியஸ்டா 2023 ஜூலையில் நின்றது, அதோடு எஸ்டியும் போனது. மெகான் ஆர்எஸ் 2023இல் முடிந்தது. ஹூண்டாய் ஐ20 என் 2024இல் ஐரோப்பாவை விட்டுப் போனது. கோல்ஃப் ஜிடிஐ 2024இல் மேனுவல் கியரைக் கைவிட்டது. கோல்ஃப் பந்து வைக்க இனி லிவரே இல்லை! ஃபோகஸும் 2025 நவம்பரில் முடிந்தது.

எல்லாப் பழியையும் வரி மேல் போடுவதும் நியாயமில்லை. மக்கள் உயரமான எஸ்யூவிக்கு மாறினார்கள். ஹாட் ஹேட்ச்களும் 300 குதிரைத்திறன், ஒன்றரை டன் என்று வீங்கிப்போய் விலையும் ஏறின. "ஒரே தவணை" என்ற பழைய வாக்குறுதியை அவையே மறந்துவிட்டன.

நம் ஊரிலும் இதே கதைதான், வேறு அட்டவணை. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம், 4 மீட்டருக்குள் நீளமும் பெட்ரோலில் 1,200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் பெருகியது, ஆனால் 1.6 லிட்டர் இன்ஜின் போட்ட ஃபியட் பாலியோ மாதிரியான வண்டிகளுக்கு இடமில்லாமல் போனது. 2013இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ அந்த 1,200க்குள்ளேயே 1,197 சிசி டர்போ போட்டு 105 குதிரைத்திறன் எடுத்தது. கோட்டைத் தாண்டாமல் கோட்டின் மேலேயே நின்று ஆடிய ஆட்டம். 2016இல் 1.8 லிட்டர் போலோ ஜிடிஐயை இறக்குமதி செய்தபோது விலை 25 லட்சத்தைத் தாண்டியது. மிடில் கிளாஸ் வாங்கவேண்டிய காரை மிடில் கிளாஸ் போஸ்டரில் பார்த்தது.

முடிவாக

நண்பனுக்கு என் பதில் இதுதான். ஹாட் ஹேட்ச் கார் பைத்தியங்களுக்குப் பிடிக்கும். பணக்காரப் பைத்தியத்துக்கு வேறு வழிகள் எப்போதும் உண்டு. கைக்கெட்டும் காசில் ஒரே ஒரு கார் வாங்க முடிந்த பைத்தியத்துக்கு இது ஒன்றுதான் வழி. அதனால்தான் இது போவது ஒரு மாடல் போவது மாதிரி இல்லை. ஓட்டுகிற சந்தோஷம் சம்பளக்காரனின் பட்ஜெட்டிலிருந்து வெளியே போகிறது.

முழுசாக நம்பிக்கை இழக்கவும் இல்லை. டொயோட்டா 2020இல் ராலிக்காக ஜிஆர் யாரிஸ் என்ற மூன்று சிலிண்டர் குட்டியை இறக்கியது, உலகமே வரிசையில் நின்றது. 2024இல் ஆல்பைன் ஏ290 மின்சாரத்தில் வந்தது. கிராம் கணக்கு அதைத் தொடாது. ஆனால் எடை 1,480 கிலோ பக்கம். பேட்டரி விலையும் எடையும் இறங்கினால், இன்னொரு லோவன்பெர்க் எங்கோ ஒரு கம்பெனியில் மேலதிகாரிக்குத் தெரியாமல் ஒரு குறிப்பு எழுதாமலா இருப்பார்?

அடுத்த தடவை கேண்டீனில் சண்டை போடும்போது டீயைக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும்.